சோனி லிஸ்டன் வாழ்க்கையும் சாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் முகமது அலி வந்துவிடுவார். அலி வந்தால் கொஞ்ச நேரத்தில் லிஸ்டனும் வருவார். அப்புறம் அதே சந்தேகங்கள்தான்: மேட்ச் ஃபிக்ஸிங்கா, மாஃபியா கொன்றுவிட்டதா, போதை ஊசியா? வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன். சாவைப் பற்றிய கேள்விகள் பின்பாதியில் வருகின்றன. நேராக அங்கே போய்விடாதீர்கள், முன்பாதியில் இருக்கும் மனிதரைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சாவைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

சோனி லிஸ்டன்னா யாரு? அலி காலடியில விழுந்து கிடக்கிற அந்த போட்டோக்காரரா?

ஆமாம், அவர்தான். 1965இல் நீல் லைஃபர் எடுத்த அந்தப் படத்தில் கையை மடக்கி, வாய் திறந்து கத்திக்கொண்டிருப்பவர் அலி. கீழே மல்லாந்து கிடப்பவர் லிஸ்டன். உலகமே பார்த்த படம் என்பதால் லிஸ்டன் என்றாலே தோற்றவர் என்று பதிந்துவிட்டது.

அவர் 1962 முதல் 1964 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியன். தொழில்முறையில் 54 சண்டைகள், அதில் 50 வெற்றி, 39 நாக் அவுட். 1991இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் அவரோடு மோத வேண்டும் என்றால் நல்ல வீரர்களே தயங்கினார்கள். அலி 'உலகத்தையே உலுக்கிவிட்டேன்' என்று கத்தியதே லிஸ்டனை வென்ற கையோடுதான்.

எந்த வருஷம் பிறந்தார்? ஒரு இடத்துல 1930, இன்னொரு இடத்துல 1932ன்னு போட்டிருக்கே?

பிறப்புச் சான்றிதழ் கிடையாது, அதனால்தான் இந்தக் குழப்பம். அவர் கொடுத்துவந்த தேதி 1932 மே 8. கல்லறைக் கல்லிலும் 1932 என்றுதான் இருக்கிறது. ஆனால் 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருக்குப் பத்து வயது என்று எழுதியிருக்கிறார்கள். அதை நம்பினால் 1930 பக்கம் வருகிறது. அவர் இன்னும் மூத்தவர் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

வயது பற்றிக் கேலியாகக் கேட்டால் அவருக்குக் கடும் கோபம் வரும். ஆர்கன்சா மாநிலத்தில் பஞ்சுக்காட்டுக்கு நடுவே ஒரு கறுப்பினக் கூலி விவசாயி வீட்டில் குழந்தை பிறந்தால் அதை யாரும் பதிவு செய்யவில்லை. அது அந்தக் குழந்தையின் தப்பு ஆகாது. இறந்த தேதிக்கும் இதே கதிதான், அதைக் கீழே சொல்கிறேன்.

அப்பாவுக்கு இருபத்தஞ்சு பிள்ளைங்களாமே? நிஜமா?

நிஜம்தான் என்று குடும்பக் கணக்கு சொல்கிறது. அப்பா டோப் லிஸ்டன், அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்கு என்ற கணக்கில் பயிர் செய்தவர். முதல் மனைவிக்குப் பிறந்தவர்களையும் இரண்டாம் மனைவி ஹெலனுக்குப் பிறந்தவர்களையும் சேர்த்தால் 25. சோனி அதில் கடைசிக்கு முந்தியவர்.

அந்த வீட்டில் அவருக்கு மிச்சமாகக் கிடைத்தது அடி மட்டுமே. அப்பா அடித்த தழும்புகள் பெரியவரான பிறகும் உடம்பில் இருந்தன. பள்ளிக்கூடம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார். 1946இல் அம்மா பிழைப்புத் தேடி செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய்விட்டார். பையன் ஒரு நாள் அக்கா கணவரின் பீக்கான் மரத்தை உலுக்கி, கொட்டைகளைப் பொறுக்கி விற்று, அந்தக் காசில் டிக்கெட் எடுத்து அம்மாவைத் தேடிப் போனார். எனக்கு லிஸ்டன் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான்.

ஜெயில்லதான் பாக்ஸிங் கத்துக்கிட்டாரா?

ஆமாம். செயின்ட் லூயிஸில் வேலை நிலைக்கவில்லை, படிப்பும் இல்லை. வழிப்பறி, கடைக் கொள்ளை என்று போனார். திருட்டுகளின்போது மஞ்சள் சட்டை போட்டிருந்ததால் போலீஸ் அவரை 'மஞ்சள் சட்டைக் கொள்ளையன்' என்று தேடியது. 1950இல் ஐந்தாண்டு தண்டனை விதித்து ஜெஃபர்சன் சிட்டியில் இருக்கும் மிசூரி மாநிலச் சிறைக்கு அனுப்பினார்கள். சிறையைப் பற்றி அவர் குறை சொன்னதே இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு உறுதியாகக் கிடைக்கிறதே என்பாராம்.

சிறைக் கைதிகளின் விளையாட்டைக் கவனித்துவந்த அலோய்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார்தான் அவரை ரிங்குக்குள் இறக்கினார். சோதனைக்காக தர்மன் வில்சன் என்ற தொழில்முறை வீரரை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். இரண்டு ரவுண்டு ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) முடிந்ததும், இவர் என்னைக் கொன்றுவிடுவார், என்னை வெளியே விடுங்கள் என்று வில்சன் சொல்லிவிட்டார். 1952 அக்டோபர் கடைசியில் பரோல். அடுத்த மார்ச்சில், தொழில்முறையில் இறங்காதவர்களுக்கான சிகாகோ கோல்டன் கிளவ்ஸ் போட்டியில் ஒலிம்பிக் சாம்பியன் எட் சாண்டர்ஸையே வென்றார். அதே 1953 செப்டம்பரில் முதல் தொழில்முறைச் சண்டை. 33 விநாடியில் முடிந்தது.

அவர் அடி அவ்வளவு பயங்கரமா? சும்மா ஏத்தி விடுறாங்களா?

ஏற்றி விடவில்லை. ஆறடி ஓர் அங்குலம் உயரம்தான், ஆனால் கை நீட்டினால் 84 அங்குலம். முஷ்டியின் சுற்றளவு 15 அங்குலம் என்று அளந்தார்கள், கிளவுஸைத் தனியாகத் தைக்க வேண்டியிருந்தது. பொதுவாக இடது கை ஜாப் என்பது எதிராளியைத் தள்ளி நிறுத்துவதற்கான குத்து. லிஸ்டனின் ஜாப் பட்டாலே ஆட்கள் ஆடிப்போனார்கள். பிறகு உலக சாம்பியனான ஜார்ஜ் ஃபோர்மன் இளைஞராக இருந்தபோது லிஸ்டனோடு ஸ்பாரிங் செய்தவர். ரிங்கில் தன்னைப் பின்வாங்க வைத்த ஒரே ஆள் லிஸ்டன் என்று ஃபோர்மன் பின்னாளில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அடி வாங்கவும் தெரிந்தவர். 1954இல் மார்ட்டி மார்ஷலோடு மோதியபோது தாடை உடைந்தது. உடைந்த தாடையோடு எட்டு ரவுண்டையும் ஆடி முடித்து, நடுவர்களின் பிரிந்த தீர்ப்பில்தான் தோற்றார். அப்புறம் அதே மார்ஷலை இரண்டு தடவை வென்றார். இந்தத் தாடை விஷயத்தை நினைவில் வையுங்கள், 1964இல் அலியோடு நடந்த மியாமி சண்டை பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

மாஃபியா ஆளுன்னு சொல்றாங்களே, உண்மையா பத்திரிகைக்காரங்க கட்டுன கதையா?

உண்மை. ஆரம்பத்திலேயே செயின்ட் லூயிஸ் தாதா ஜான் விட்டாலியின் நிழலில் இருந்தார். பிறகு அவருடைய ஒப்பந்தம் ஃபிராங்கி கார்போ, பிளிங்கி பலெர்மோ கைக்குப் போனது. அந்தக் கால அமெரிக்கக் குத்துச்சண்டையைத் திரைக்குப் பின்னாலிருந்து ஆட்டிவைத்தவர்கள் இந்த இருவர். 1960இல் செனட்டர் கீஃபாவர் தலைமையிலான குழு விசாரித்தபோது, லிஸ்டனில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கார்போவிடம் இருப்பதாகத் தெரியவந்தது. லிஸ்டனும் அந்தக் குழு முன் சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டே கார்போவுக்கு 25 வருடச் சிறை.

ஆனால் 'மாஃபியா ஆள்' என்று சொல்லும்போது யார் யாருக்குச் சொந்தம் என்பதைக் கவனியுங்கள். தாதாக்கள் அவரை வைத்துச் சம்பாதித்தார்கள். அவர்களை விட்டால் சிறையிலிருந்து வந்த, படிக்கத் தெரியாத ஒரு கறுப்பருக்குப் பெரிய சண்டைகளை ஏற்பாடு செய்து தர அன்றைக்கு வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை. அவர் அப்பாவி என்றும் சொல்ல மாட்டேன். 1956இல் ஒரு போலீஸ்காரரை அடித்து முழங்காலை உடைத்து, துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டு போனார். அதற்குச் சிறைக்குப் போனார், 1957 முழுவதும் சண்டை போட முடியவில்லை.

சாம்பியன் ஆன பிறகாவது நல்லா இருந்தாரா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இங்கேதான் மனிதர் உடைந்தார். அப்போதைய சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சன் எல்லாருக்கும் பிடித்த, மென்மையான ஆள். அதிபர் கென்னடியே பேட்டர்சனிடம் லிஸ்டனோடு மோத வேண்டாம் என்று சொன்னார். கறுப்பின உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் இந்தச் சண்டையை விரும்பவில்லை. இப்படிப்பட்டவர் சாம்பியன் ஆனால் இயக்கத்துக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தார்கள். நியூயார்க் மாநிலம் உரிமம் தர மறுத்தது. கடைசியில் 1962 செப்டம்பர் 25, சிகாகோவில் சண்டை நடந்தது. 2 நிமிடம் 6 விநாடியில் பேட்டர்சன் விழுந்தார். அவமானம் தாங்காமல் பேட்டர்சன் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியதாகச் சொல்வார்கள், அதுவும் உண்மைதான்.

மறுநாள் லிஸ்டன் தான் குடியிருந்த பிலடெல்பியாவுக்கு விமானத்தில் வந்தார். வழியெல்லாம் பக்கத்தில் இருந்த பத்திரிகையாளர் ஜாக் மெக்கின்னியிடம், வரவேற்கிற மக்களிடம் என்ன பேசப்போகிறேன், இனி எப்படி நடந்துகொள்ளப்போகிறேன் என்று ஒத்திகை பார்த்திருக்கிறார். கதவு திறந்தது. கூட்டமே இல்லை. விமான நிலைய ஊழியர்களும் சில நிருபர்களும்தான். அவர் தோள்கள் அப்படியே தளர்ந்ததைப் பார்த்ததாக மெக்கின்னி சொல்லியிருக்கிறார். கொஞ்ச காலத்தில் டென்வருக்குக் குடிபெயர்ந்தார். பிலடெல்பியாவுக்கு மேயராக இருப்பதைவிட டென்வரில் விளக்குக் கம்பமாக இருக்கலாம் என்று அவர் சொன்னது அந்தக் கசப்பில்தான். டென்வரில் எட்வர்ட் மர்ஃபி என்ற பாதிரியார் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கவும், குடியைக் குறைக்க வைக்கவும் பாடுபட்டார்.

1963 ஜூலையில் லாஸ் வேகாஸில் பேட்டர்சனோடு மறுபடியும் மோதினார். இந்தத் தடவை 2 நிமிடம் 10 விநாடி.

1964ல அலிகிட்ட ஸ்டூல்ல உட்கார்ந்த மேனிக்கே தோத்துட்டாரே, அது ஃபிக்ஸிங்தானே?

1964 பிப்ரவரி 25, மியாமி பீச். அலி அப்போது காசியஸ் கிளே. பந்தயக்காரர்கள் லிஸ்டன் பக்கம் ஏழுக்கு ஒன்று என்று கட்டினார்கள். மூன்றாவது ரவுண்டில் லிஸ்டனின் கண்ணுக்குக் கீழே கிழிந்தது. ஐந்தாவதில் கிளேயின் கண்ணில் ஏதோ மருந்து பட்டு எரிந்து, பார்வை இல்லாமலே ஓடித் தப்பித்தார். ஆறு ரவுண்டு முடிவில் நடுவர்கள் கணக்கில் இருவரும் சமம். ஏழாவதுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் எழுந்திருக்கவில்லை. இடது தோள் போய்விட்டது என்றார்.

சந்தேகப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. உடைந்த தாடையோடு ஆடியவர் தோள் வலிக்கு உட்காருவாரா என்பது ஒன்று. லிஸ்டனுக்குப் பங்கு இருந்த ஒரு நிறுவனம், கிளே ஜெயித்தால் அவருடைய அடுத்த சண்டையை நடத்தும் உரிமையை முன்பே 50,000 டாலருக்கு வாங்கி வைத்திருந்தது இன்னொன்று. பின்னாளில் வெளியான எஃப்.பி.ஐ. ஆவணங்களிலும் ஒரு சூதாட்டக்காரரைச் சுற்றி இந்தச் சந்தேகம் பதிவாகியிருக்கிறது. ஆனால் அன்று இரவே மருத்துவர்கள் தோளைப் பார்த்து, தசைநார் கிழிந்திருக்கிறது என்று உறுதி செய்தார்கள். விசாரித்த அரசு வழக்கறிஞருக்கும் மோசடிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என் கணிப்பில் அது நேர்மையான தோல்வி. காயம், பயிற்சிக் குறைவு, தன்னைவிட வேகமான ஒரு இளைஞன். இது மூன்றும் சேர்ந்தால் போதும். பேட்டர்சனை இரண்டு தடவையும் ஒரே ரவுண்டில் முடித்துப் பழகியவருக்கு ஆறு ரவுண்டு நீண்ட தூரம்.

ரெண்டாவது சண்டையில அடியே படலையாமே? அந்த 'மாயக் குத்து' என்ன கதை?

முதலில் பாஸ்டனில் 1964 நவம்பரில் நடக்க இருந்தது. அலிக்குத் திடீரென்று குடலிறக்க அறுவை சிகிச்சை. தள்ளிப்போய், பாஸ்டனும் கைவிட்டு, கடைசியில் மேய்ன் மாநிலத்தில் லூயிஸ்டன் என்ற சிறிய ஊரில் 1965 மே 25 அன்று நடந்தது. பார்க்க வந்தவர்கள் 2,434 பேர். அலி சேர்ந்திருந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பிலிருந்து பிரிந்துபோன கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அரங்கில் யாராவது அலியைச் சுடுவார்கள் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

முதல் ரவுண்டிலேயே அலியின் குட்டையான ஒரு வலது கைக் குத்து. லிஸ்டன் விழுந்தார். அலி ஒதுங்காமல் மேலே நின்று எழுந்து ஆடு என்று கத்தினார், அந்தப் படம் அப்போது எடுத்ததுதான். நடுவர் ஜெர்சி ஜோ வால்காட், தானும் முன்னாள் சாம்பியன், அலியை விலக்குவதிலேயே திணறினார். எண்ணிக்கை எங்கே போனது என்றே தெரியவில்லை. லிஸ்டன் எழுந்து சண்டை மறுபடி தொடங்கியும்விட்டது. அப்போது ரிங்குக்கு வெளியிலிருந்த பத்திரிகை ஆசிரியர் நாட் ஃபிளைஷர், லிஸ்டன் பத்து விநாடிக்கு மேல் கீழே கிடந்துவிட்டார் என்று கூப்பிட்டுச் சொன்ன பிறகு வால்காட் ஓடிவந்து நிறுத்தினார்.

குத்து பட்டது, படச்சுருளில் தெரிகிறது. அது லிஸ்டனை வீழ்த்தும் அளவு குத்தா என்பதுதான் கேள்வி. எனக்கு அப்படித் தெரியவில்லை. விழுந்தது நிஜமாக இருக்கலாம், எழுந்திருக்காமல் உருண்டது அவர் விருப்பம் என்று நினைக்கிறேன். ஏன் என்று கேட்டால் தாதாக்களின் பணம் என்பார்கள், அலியைச் சுற்றி இருந்தவர்கள் மீதான பயம் என்பார்கள். லிஸ்டனே ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்.

அதுக்கப்புறம் ஆளே காணாம போயிட்டாரா?

இல்லை. ஓராண்டு கழித்து சுவீடனில் நான்கு சண்டைகள் போட்டு ஜெயித்தார். அமெரிக்கா திரும்பி வரிசையாக வென்றுகொண்டே போய், 1969 டிசம்பரில் லாஸ் வேகாஸில் லியோடிஸ் மார்ட்டினிடம் ஒன்பதாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார். கடைசிச் சண்டை 1970 ஜூன் 29, ஜெர்சி சிட்டி. சக் வெப்னர் முகத்தில் 70க்கும் மேல் தையல் போடும்படி அடித்து ஜெயித்தார். ஆறு மாதத்தில் இவர் உயிரோடு இல்லை.

சரி, எப்படித்தான் செத்தார்? போலீஸ் என்ன பார்த்தது?

மனைவி ஜெரால்டின் பண்டிகைக்காக செயின்ட் லூயிஸ் போயிருந்தார். 1971 ஜனவரி 5 இரவு லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் செய்தித்தாள்களும் பால் பாட்டில்களும் சேர்ந்து கிடந்தன. உள்ளே துர்நாற்றம். படுக்கையறையில், கட்டிலின் கால்மாட்டில் இருந்த பெஞ்சு உடைந்திருந்தது, கட்டிலில் சாய்ந்தபடி லிஸ்டன் கிடந்தார். படுக்கப்போவதற்காக உடை மாற்றும்போது விழுந்த மாதிரித் தெரிந்தது.

சமையலறையில் ஒரு பலூனில் கால் அவுன்ஸ் ஹெராயின் கிடைத்தது. கொஞ்சம் கஞ்சாவும் இருந்தது. ஆனால் ஊசி இல்லை, ஹெராயினைக் காய்ச்சும் கரண்டி இல்லை, கையில் கட்டும் பட்டை இல்லை. இடது முழங்கை மடிப்பில் ஊசி குத்தியது போன்ற தழும்பு இருந்தது. உடலில் மார்ஃபின், கோடீன் தடயங்கள் இருந்தன, உயிரை எடுக்கும் அளவுக்கு இல்லை என்று சாவு விசாரணை அதிகாரி சொன்னார். நுரையீரலில் நீர் தேக்கம், இதயத் தசைக்குப் போதிய ரத்தம் போகாதது என்று இயற்கை மரணமாகவே முடித்தார்கள்.

அப்போ டிசம்பர் 30ன்னு தேதி எப்படி வந்தது?

அவர் இறந்த தேதி 1970 டிசம்பர் 30 என்றுதான் பதிவில் இருக்கிறது. வாசலில் கிடந்த செய்தித்தாள்களையும் பால் பாட்டில்களையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். வேறு ஆதாரம் இல்லை. உலக சாம்பியனாக இருந்த ஒருவரை ஒரு வாரம் பக்கம் யாரும் தேடவில்லை என்பதும் இந்தத் தேதியில் இருக்கிறது.

அவருக்கு ஊசின்னா பயமாமே? அப்படின்னா யாரோதானே ஊசி போட்டிருக்கணும்?

ஊசி பயம் உண்மை என்று நெருங்கியவர்கள் பலர் சொன்னார்கள். மேலே சொன்ன மர்ஃபி பாதிரியாரும் அதில் ஒருவர். கொலை என்று நம்புகிறவர்களின் முதல் வாதமே இதுதான்.

ஆனால் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. 1970 நவம்பர் கடைசியில் அவர் கார் விபத்தில் சிக்கி மருத்துவமனையில் இருந்தார். கையில் இருந்த குத்துத் தடம் அங்கே போட்டதாக இருக்கலாம். அப்படியானால் அந்தத் தழும்பு போதைக்கும் சாட்சி இல்லை, கொலைக்கும் சாட்சி இல்லை. ஊசி பயம் உள்ளவர்கள் ஹெராயினை மூக்கால் உறிஞ்சுவதும் உண்டு என்பதால், வீட்டில் ஊசி கிடைக்காததும் நினைக்கிற அளவுக்கு மர்மம் இல்லை.

கொலைன்னா யார் செஞ்சிருப்பாங்க? ஏன்?

சொல்லப்படும் கதைகள் பல. லாஸ் வேகாஸில் கந்துவட்டிக்காரர்களுக்கு வசூல் ஆளாக இருந்து பங்குத் தகராறு வந்தது என்பது ஒன்று. போதைப்பொருள் வியாபாரத்தில் போலீஸுக்குத் துப்புக் கொடுத்தார் என்று சந்தேகப்பட்டார்கள் என்பது இன்னொன்று. வெப்னரிடம் தோற்கச் சொல்லியும் ஜெயித்துவிட்டார் என்பது மூன்றாவது. லூயிஸ்டனில் விழுந்ததற்கு வரவேண்டிய பங்கைக் கேட்டு நச்சரித்தார் என்றும் சொல்வார்கள்.

இவற்றில் எதற்கும் வழக்கு இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. பின்னாளில் சில தனி ஆட்களின் பெயர்களைச் சேர்த்தும் எழுதினார்கள். நிரூபிக்காத கொலைப்பழி என்பதால் அந்தப் பெயர்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

உங்களுக்கு என்ன தோணுது? மழுப்பாம சொல்லுங்க.

இதயம் நின்றுதான் இறந்தார் என்று நினைக்கிறேன். ஹெராயின் அதற்குக் கை கொடுத்திருக்கலாம். வருடக் கணக்கில் குடி, நாற்பதை ஒட்டிய வயதிலும் ரிங்கில் அடி, சமீபத்தில் விபத்து, தசை கெட்டியாகிப்போன இதயம் என்று பார்த்தால் யாரும் வந்து கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சண்டையிட்டதற்கான அடையாளமும் அந்த அறையில் பதிவாகவில்லை. கொலை நடந்தே இருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆறு நாள் கெட்டுப்போன உடல் எதையும் உறுதியாகச் சொல்லாது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஹெராயின் யார் கொண்டுவந்தது, கடைசி நாட்களில் வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்ற சாதாரணக் கேள்விகளைத் துரத்திப் போய்ப் பதில் எழுதி வைத்திருந்தால், இவ்வளவு கதைகளுக்கு இடமே இருந்திருக்காது. சிறைக்குப் போய்வந்த கறுப்பர், தாதாக்களின் கூட்டாளி, வீட்டில் போதைப்பொருள் என்றதும் இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டதாகவே எனக்குத் தெரிகிறது. அன்பான பேட்டர்சன் இப்படி இறந்து கிடந்திருந்தால் அப்படி விட்டிருப்பார்களா?

அவர் சண்டைகள்ல எதை முதல்ல பார்க்கலாம்?

அலியோடு நடந்த இரண்டையும் தள்ளி வையுங்கள். 1959இல் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸோடு நடந்த முதல் சண்டையைப் பாருங்கள், மூன்று ரவுண்டுதான். வில்லியம்ஸும் பயங்கரமாக அடிக்கக்கூடியவர், லிஸ்டன் மூக்கில் ரத்தம் வரவைத்தார். லிஸ்டன் ஒரு அடிகூடப் பின்னால் போகாமல் ஜாப்பை வைத்துக்கொண்டே நெருங்குவதைக் கவனியுங்கள். அடுத்து 1960இல் ஸோரா ஃபாலி, அதுவும் மூன்று ரவுண்டு. எடி மேச்சன் சண்டை 12 ரவுண்டு ஓடியது, கொஞ்சம் அலுப்பாக இருக்கும், ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் ஆளிடம் லிஸ்டன் எப்படித் தடுமாறுவார் என்று அதில் தெரியும். அதைப் பார்த்த பிறகு மியாமி சண்டையைப் போட்டுப் பார்த்தால், ஃபிக்ஸிங் பற்றி மேலே நான் சொன்ன பதிலை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.